செத்த துருக்கன் பேசிய வசனம்

1

ஔசேப்பு என்னைக் கொல்ல ஆரம்பித்து இந்தக் கிறிஸ்துமஸோடு பன்னிரண்டு வருடம் ஆகிறது. வருடத்துக்கு ஒரு தடவை, மர வாளால், இடது விலாவில் குத்துவார். நான் பலகை மேடையில் சாய்வேன். நாடகம் முடிந்து பந்தியில் உட்கார்ந்ததும், கொன்ற கையாலேயே முதல் கவளத்தை எனக்கு ஊட்டுவார். அவருக்கும் எனக்கும் உள்ள சிநேகத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் தம்பி கருப்பசாமியிடமிருந்து கடிதம் வந்தது. அதில் இரண்டு விஷயம். நம் ஊர் வாசகசாலை மலருக்கு, வெளிநாட்டில் இருக்கிறவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுகிறார்கள், நீயும் எழுது என்பது ஒன்று. இன்னொன்று கடைசி வரியில் இருந்தது. "அண்ணே, அங்கே இருந்தது போதாதா? மேலவீட்டை ஒழித்து வைத்திருக்கிறேன், வந்து சேருங்கள்."

மலரில் சிங்கப்பூர்க்காரர் ஒருவரும் துபாய்க்காரர் ஒருவரும் எழுதுகிறார்களாம். அவர்களுக்கு நடுவில் மட்டாஞ்சேரிக்காரன் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் எர்ணாகுளத்தில் ரயிலை விட்டு இறங்கி, துறையில் போட் ஏறி, உப்புத் தண்ணீரைத் தாண்டித்தான் நான் இங்கே வந்தேன். தண்ணீருக்கு இந்தப் பக்கம் என் பெயரை யாரும் சரியாகச் சொன்னதில்லை, என் பேச்சு யாருக்கும் முழுசாக விளங்கியதில்லை. துபாய்க்காரருக்கு இதற்கு மேல் என்ன நடந்திருக்கப் போகிறது?

2

இரண்டு வருடம் மழை பொய்த்து, வேலை பார்த்த ஜின்னிங் மில்லும் மூடிய பிறகு, எழுபதுகளின் தொடக்கத்தில் பெண்டாட்டி பேச்சியம்மாளையும் ஐந்து வயது மகள் வள்ளியையும் கூட்டிக்கொண்டு வந்தேன். யூதர்கள் இருக்கிற ஜூ டவுன் தெருவில், சுக்கும் மிளகும் அடுக்கி வைத்திருக்கும் ஒரு கிட்டங்கியில் சாக்குத் தைக்கிற வேலை கிடைத்தது. இங்கே கிட்டங்கிக்குப் பாண்டிகசாலை என்று பெயர். நம் ஆட்களை இங்கே பாண்டி என்றுதான் சொல்வார்கள், அதுவும் மரியாதையாகச் சொல்வதில்லை. முதல் நாள் மேஸ்திரி "பாண்டிகசாலைக்குப் போ" என்றதும் எனக்குக் கோபம் பொங்கிவிட்டது. தமிழனை அடைக்கத் தனிக் கொட்டடியா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். நம் பண்டகசாலைதான் அப்படித் திரிந்திருக்கிறது என்பது புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் மேஸ்திரி என்னைக் கண்டால் வேறு பக்கம் போனார்.

ரேஷன் கார்டு வாங்கப் போனது அதைவிடப் பெரிய கூத்து. வரிசையில் நின்று நின்று என் முறை வந்ததும், பேச்சியம்மாளைக் காட்டி, "இது என் சம்சாரம்" என்றேன். சம்சாரம் என்றால் இந்த ஊரில் பேச்சு. குமாஸ்தா தலையைத் தூக்காமல், "சம்சாரம் பின்னே ஆவாம், ஆத்யம் பார்யையுடே பேரு பற" என்றார். பேச்சு அப்புறம் இருக்கட்டும், முதலில் மனைவி பெயரைச் சொல் என்கிறார். நான் "பேச்சி" என்றேன். மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பாவம், அவர் காதில் அதுவும் பேச்சு என்றே விழுந்திருக்கும், அவர் மேல் தப்பில்லை. அந்தக் கார்டில் இன்றைக்கும் நான் மாடஸ்வாமி, அவள் பேச்சு. திருத்த வேண்டுமானால் மூன்று இடத்தில் முத்திரை வாங்கி வரச் சொன்னார்கள். இரண்டு இடத்தில் வாங்கினேன், மூன்றாவது இடத்தில் அன்றைக்கு லீவு. பிறகு அப்படியே விட்டுவிட்டேன்.

நீங்கள் என்னை அறிவீர்கள். ஊரில் வாசகசாலையில் பேப்பரை உரக்க வாசித்துக் காட்டியவன் நான். ளகரத்தையும் ழகரத்தையும் மாற்றிச் சொன்னவன் எவனாக இருந்தாலும், கல்யாண வீடு என்று பார்க்காமல் திருத்தியவன். அப்படிப்பட்டவன் வாயைத் திறந்தாலே சிரிக்கிற ஊரில் வந்து விழுந்தேன். முதல் இரண்டு வருடம் கிட்டங்கியில் நான் ஊசியோடு பேசியதுதான் அதிகம்.

3

வள்ளிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தெருவில் விளையாடியே மலையாளம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் வேறு கஷ்டம் வந்தது. இங்கே சின்னப் பையன்கள் தோளில் வார் வைத்துப் போடுகிற கால்சட்டைக்கு வள்ளி நிக்கர் என்று பெயர். முருகனின் மனைவி பெயரை ஆசையாக வைத்தேன். இவர்கள் என் மகளை "நிக்கர், நிக்கர்" என்று கூப்பிட்டார்கள்.

ஆறாம் வகுப்புக்குப் போன வருடம் ஒரு நாள் வந்து, பெயரைப் பிந்து என்று மாற்றிக் கொடுங்கள் என்று நின்றாள். முடியாது என்றேன். அழவில்லை. வேறு இரண்டு கோரிக்கை வைத்தாள்.

"அப்பா, இனி ஸ்கூலுக்கு வரண்டா. ரோட்ல வெச்சு என்கிட்ட தமிழ் பேசண்டா."

தமிழ் பேச வேண்டாம் என்பதைக்கூடத் தமிழில் சொல்லத் தெரியவில்லையே என்று நான் அந்த 'வரண்டா'வையும் 'பேசண்டா'வையும் திருத்தினேன். வரவேண்டாம் என்று சொல் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பேச்சியம்மாள் அடுப்படியில் இருந்தபடி, "பிள்ளை மனசு நொந்து ஒண்ணு சொல்லுதா. நீங்க அதுல எழுத்துப் பிழை பார்க்கீயளே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்றிலிருந்து அவள் எதிரே வந்தால் நான் தெருவின் அந்தப் பக்கம் மாறி நடப்பேன். ஒரு தடவை அவளும் மாறி நடந்ததில் இருவரும் மறுபடி நேருக்கு நேர் வந்துவிட்டோம். அவள் தோழிகள் இருந்ததால் யாரோ மாதிரி போய்விட்டாள். அன்று வேலையில் ஊசி இரண்டு தடவை கையில் ஏறியது.

4

இனி ஔசேப்பைப் பற்றிச் சொல்கிறேன். இவர் இடக்கொச்சிக்காரர், எங்கள் கிட்டங்கியில் சுமை தூக்குகிறவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர், ஆளும் அகலம். நான் வந்து இரண்டாவது வருடம், ஒரு நவம்பர் மாதம், என் முன்னால் வந்து உட்கார்ந்து என் கோணி ஊசியை எடுத்துப் பார்த்தார். இது தார்ப்பாயில் ஏறுமா, தகரம் ஒட்டிய சாக்கில் ஏறுமா என்று கேட்டார். ஏறும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை தன்னோடு இடக்கொச்சிக்கு வரச் சொன்னார்.

அங்கே ஒரு தென்னந்தோப்பில் இருபது முப்பது ஆண்கள் கூடியிருந்தார்கள். மீன் பிடிக்கிறவர்கள், தச்சர்கள், சுமை தூக்குகிறவர்கள். பழைய காலத்தில் ஐரோப்பாவில் ஒரு கிறிஸ்தவ ராஜாவுக்கும் துருக்கி ராஜாவுக்கும் நடந்த யுத்தத்தை, இவர்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மாதா கோவில் மைதானத்தில் போட்டுக் காட்டுகிறார்கள். சவிட்டு நாடகம் என்று பெயர். நம் தெற்குப் பக்கத்தில் மிதிப்பதைச் சவட்டுவது என்போமே, அதே சொல்தான். பலகை அதிர அதிர மிதித்து ஆடுவார்கள். போர்த்துகீசியர் காலத்துப் பாதிரிமார் சொன்ன கதை என்கிறார்கள். ராஜா வேஷத்துக்கு வெல்வெட்டும் மணியும் உண்டு, தோளில் மட்டும் அடியே சாக்கு வைத்துத் தைப்பார்கள். போர்வீரனின் கவசம் முழுக்கச் சாக்கில் தகரத்தையும் ஜிகினாவையும் வைத்துத் தைப்பது. அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

மரத்தடியில் உட்கார்ந்து முதல் கவசத்தைத் தைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பாடத் தொடங்கினார்கள். நான்கு அடி கேட்டதும் என் கை நின்றுவிட்டது. பாட்டு தமிழ். உச்சரிப்பு கொஞ்சம் வழுக்கினாலும் சுத்தமான பழைய தமிழ். 'மன்னவனே', 'மாற்றலர்', 'வாள் உருவி' என்று முப்பது பேர் தரை அதிரப் பாடுகிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் வீட்டில் தமிழ் கிடையாது. ஆசான் கையில் இருந்த சுவடியை வாங்கிப் பார்த்தேன், மலையாள எழுத்தில் தமிழ். இரண்டு வருடமாக என் பாஷைக்குச் சிரிப்பை மட்டுமே கேட்டிருந்த எனக்கு, அதைப் பக்தியோடு பாடுகிற ஒரு கூட்டம் கிடைத்துவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன், அழுதுவிட்டேன். சாக்குத் தூசி என்று நினைத்துக்கொண்டு ஔசேப்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆசான் பெயர் பாப்பச்சன். படகு கட்டுகிற தச்சர். நான் தமிழன் என்று தெரிந்ததும், கவசத்தோடு சேர்த்து எனக்கு ஒரு வேஷமும் கொடுத்தார். எனக்குக் கால் தாளத்துக்கு வராது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. அதனால் முதல் அடியிலேயே சாகிற துருக்கி வீரன் ஆனேன். கிறிஸ்தவ ராஜா ஔசேப்பு, துருக்கி ராஜா லோனன் என்கிற மீன்காரர். ஔசேப்பு என்னைக் குத்துவார், நான் விழுவேன். பிறகு நாடகம் முடியும்வரை நான் பலகையில் காதை வைத்துக் கிடப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய நோன்பு தொடங்கியதும் இரண்டு படையும் பிரிந்துவிடும். கிறிஸ்தவப் படை ஒரு கடையில் சாயா குடிக்கும், துருக்கிப் படை வேறு கடைக்குப் போகும். ஒருவரை ஒருவர் வழியில் பார்த்தால் முறைத்துக்கொள்வார்கள், அடுத்த வளைவில் சிரித்துக்கொள்வார்கள். கிறிஸ்துமஸ் அன்று நாடகம் முடிந்ததும் எல்லாரும் ஒரே பந்தி. கள்ளப்பமும் தாராவு என்கிற வாத்துக் கறியும் சோறும் இலையில் விழும். யார் யாரைக் கொன்றாரோ அவர்தான் செத்தவருக்கு முதல் கவளம் ஊட்ட வேண்டும். அது முடியாமல் யாரும் கை வைக்கக் கூடாது. முதல் வருடம் ஔசேப்பு கையை நீட்டியபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. கல்யாணத்தன்று பேச்சியம்மாளுக்குப் பிறகு எனக்கு யாரும் ஊட்டியதில்லை.

5

ஐந்து வருடம் நன்றாகச் செத்தேன். ஆறாவது வருடம் வாய் சும்மா இருக்கவில்லை.

நாடகத்தின் உச்சம் கடைசிச் சண்டை. இரண்டு ராஜாக்களும் மோதும்போது துருக்கி ராஜாவின் மகள் நடுவே வந்து பாடுவாள். குஞ்ஞப்பன் என்கிற வலைக்காரர்தான் இளவரசி, அதற்காகவே வருடத்தில் ஒரு மாதம் மீசை எடுப்பார். அந்த வரி இதுதான்: "மதிமுகம் வாடலாமோ மன்னவனே."

உங்களுக்குச் சொல்ல வேண்டாம். நிலா போன்ற முகம் வாடலாமா, ராஜாவே என்று அர்த்தம். ஆனால் மலையாளத்தில் மதி என்றால் போதும். இவர்கள் அந்த வரியை எப்படிப் பாடிக்கொண்டிருந்தார்கள் என்றால், குஞ்ஞப்பன் கையைத் தூக்கி, "மதி!" என்பார். நான்கு மிதி. எல்லா வாளும் ஒரே சத்தமாகப் பலகையில் விழும். ஒரு மூச்சு மௌனம். பிறகுதான், "முகம் வாடலாமோ மன்னவனே." போதும், முகங்கள் வாடலாமா என்று சண்டையை நிறுத்துகிறார்கள். அந்த இடத்தில் கூட்டம் கண்ணைத் துடைக்கும். இடக்கொச்சி சந்துகளில் இரண்டு பேர் கைகலந்தால்கூட, எந்தப் பெண்பிள்ளையாவது வாசலில் நின்று அந்த 'மதி'யைக் குஞ்ஞப்பன் ராகத்தில் இழுப்பாள். அடிக்க ஓங்கிய கை சிரிப்பில் இறங்கிவிடும்.

இதெல்லாம் தெரிந்தும், ஒத்திகையில் ஒரு நாள் எழுந்து நின்று, ஆசானே, அது தப்பு என்றேன். மதிமுகம் ஒரே சொல், நடுவில் நிறுத்தக் கூடாது, இந்த வரியில் மதி என்றால் நிலா என்று வாசகசாலையில் பேசுவதுபோல் விளக்கினேன். ஆசான் சுவடியை நெடுநேரம் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது நிங்ஙளுடே பாஷை. நீங்க பறஞ்ஞா அதுதான் சரி" என்றார்.

இந்த ஊரில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அன்று வீட்டுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

மறு வாரம் ஒரே மூச்சில் பாடிப் பார்த்தார்கள். எல்லாம் குலைந்தது. பழக்கத்தில் பாதிப் பேர் நிறுத்தினார்கள், பாதிப் பேர் நிறுத்தவில்லை. ஔசேப்பு பழைய இடத்தில் வாளைத் தாழ்த்தினார், லோனன் ஆசான் சொன்னபடி வீசினார். தகரம் சுற்றிய வாள் ஔசேப்பின் கட்டைவிரலைக் கிழித்தது. நிறுத்தாதவன் தப்பா, நிறுத்தினவன் தப்பா என்று வாக்குவாதம் மூண்டது. அன்று முதல் இரண்டு படையும் இரண்டு கடையில் சாயா குடித்தது விளையாட்டுக்கு அல்ல. வளைவில் யாரும் சிரிக்கவில்லை. செய்தி கோவில் பாதிரியார் காதுக்கும் போயிற்று, இங்கே அவரை அச்சன் என்பார்கள். மேடையில் சண்டை வந்தால் அடுத்த வருடம் முதல் மைதானம் கிடையாது என்று ஆள் அனுப்பிச் சொன்னார்.

நான் ஆசான் வீட்டுக்குப் போய், பழையபடியே இருக்கட்டும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தெரியாமல் பாடியது போகட்டும், தெரிந்த பிறகும் தப்பாகப் பாடுவது பாட்டை எழுதியவருக்குச் செய்கிற துரோகம் என்றார். இத்தனை காலத்துக்குப் பிறகு தமிழ் தெரிந்த ஓர் ஆளைத் தெய்வம் அனுப்பியிருக்கிறது என்றும் சொன்னார். உண்மையைச் சொன்னால், அந்த வார்த்தையை இழக்க எனக்கு மனசு வரவில்லை. இந்த ஊரில் எனக்கென்று கிடைத்த ஒரே கூட்டத்தை என் வாயாலேயே உடைத்துவிட்டேன் என்பது தெரிந்தும், திண்டாடிக்கொண்டு திரும்பி வந்தேன்.

6

அந்தக் கிறிஸ்துமஸுக்கு வள்ளி வந்தாள். அவளுடைய தோழி ஜெஸ்ஸி இடக்கொச்சிக்காரி, அவள் கூப்பிட்டாள் என்பதால் வந்தாள். போட்ட நிபந்தனை இவ்வளவுதான்: நான் ஜெஸ்ஸி கூட உட்காருவேன், என் அப்பா எது என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். அதில் 'எது' தப்பு, 'யார்' என்று சொல்ல வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. அன்று அடக்கிக்கொண்டேன்.

மதியம் தாண்டி நாடகம் தொடங்கியது. வெயில் இன்னும் இறங்கவில்லை. ஔசேப்பு கட்டைவிரலில் கட்டோடு வந்தார், என்னை வழக்கம்போல் குத்தினார். குத்தும்போது எப்போதும் கண்ணைச் சிமிட்டுவார், அன்று சிமிட்டவில்லை. நான் கூட்டத்தின் பக்கம் முகம் வைத்து விழுந்து, ஒரு கண்ணைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டேன். முன் பாயில் வள்ளியும் ஜெஸ்ஸியும் பொரிகடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

பலகையில் காதை வைத்துக் கிடக்கிறவனிடம் மிதி பொய் சொல்லாது. கடைசிச் சண்டை வந்தபோது ஔசேப்பின் மிதியும் லோனனின் மிதியும் தாளத்தில் இல்லை. குஞ்ஞப்பன் வந்தார். நான் கற்றுக்கொடுத்தபடி, ஒரு சொல்லாக, மூச்சு விடாமல், "மதிமுகம் வாடலாமோ மன்னவனே" என்று பாடினார். உச்சரிப்பு அவ்வளவு சுத்தம். யாரும் நிற்கவில்லை. அடுத்த வரியையும் பாடினார். இரண்டு ராஜாவும் கேட்கிற நிலையில் இல்லை. ஔசேப்பின் வாள் லோனனின் தோளில் நிஜமாகவே இறங்கியது. நான் தைத்த தையல் பிரிந்து, வெல்வெட்டுக்கு அடியில் இருந்து சாக்கு வெளியே வந்ததைப் பார்த்தேன். லோனன் இரண்டு கையாலும் வாளைத் தூக்கினார். பின்னால் இரண்டு படையும் நெருங்கியது. நாற்காலியில் இருந்த அச்சன் எழுந்துவிட்டார்.

நான் செத்த பிணம். பிணமாகவே எழுந்து உட்கார்ந்து, அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

"மதி!"

நிலா என்று நினைத்துக் கத்தவில்லை. போதும் என்றுதான் கத்தினேன். தமிழில் போதும் என்று ஏன் வரவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எத்தனையோ தலைமுறைப் பழக்கம் அது. அவர்களுடைய கால்கள் தாமாகவே நான்கு மிதி மிதித்தன. வாள்கள் எல்லாம் ஒரே சத்தமாகப் பலகையில் விழுந்தன. குஞ்ஞப்பன் என்னைப் பார்த்தார், ஆசானைப் பார்த்தார், பிறகு கையைத் தூக்கி, "முகம் வாடலாமோ மன்னவனே" என்று மெதுவாக எடுத்தார். லோனனும் ஔசேப்பும் வெறுங்கையோடு மூச்சிரைத்து நின்றார்கள். லோனனுடைய தோளில் தொங்கிய சாக்கை ஔசேப்பு பிடித்து உள்ளே செருகினார்.

நான்தான் என்ன செய்வதென்று தெரியாமல் நடு மேடையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போவதா, சாவதா? மறுபடி படுத்துச் செத்தேன். அப்போதுதான் மைதானம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில், பாய்க்குப் பின்னால் இருந்த ஒருவர், "ஆரா அது, ஆ பாண்டி?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

வள்ளி எழுந்து நின்றாள். மடியில் இருந்த பொரிகடலை எல்லாம் கீழே கொட்டியது. திரும்பி அவரைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"அது எங்க அப்பா."

அதில் திருத்த ஒன்றுமே இல்லை. பிணத்தின் மூடிய கண்ணில் தண்ணீர் வந்ததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

7

பந்தியில் ஔசேப்பு என் எதிரே உட்கார்ந்து முதல் கவளத்தைப் பிசைந்தார். "மரிச்சவன் மிண்டான் பாடில்ல, அண்ணாச்சி" என்றார். செத்தவன் பேசக் கூடாதாம். நீங்கள் சரியாகக் கொல்லவில்லை என்றேன். என் வாயை அடைக்கிற அளவுக்குப் பெரிய கவளமாக ஊட்டினார். இரண்டாவது கவளத்தைப் பக்கத்தில் இருந்த லோனனுக்கு நீட்டினார். அந்த வருடம் லோனன் யார் கையாலும் சாகவில்லை, அப்படி ஊட்ட வேண்டிய முறையும் இல்லை. லோனன் வாயைத் திறந்தார். கட்டுப் போட்ட விரலைக் கடித்துவிடாதே என்று யாரோ சொன்னார்கள், இரண்டு படையும் சிரித்தது.

ஆசான் கை கழுவிவிட்டு என்னிடம் வந்தார். நீங்கள் கத்திய மதி எந்த மதி என்று கேட்டார். "உங்க மதிதான், ஆசானே" என்றேன். சட்டைப் பையில் இருந்து பென்சிலை எடுத்து, சுவடியில் அந்த வரிக்கு மேலே ஏதோ எழுதினார். எனக்கு அப்போது மலையாளம் தடவித் தடவித்தான் வாசிக்க வரும். வள்ளி எட்டிப் பார்த்து வாசித்தாள். "செத்த துருக்கன்: மதி." அதற்குக் கீழே, குஞ்ஞப்பனின் வரி மதிமுகம் என்று ஒரே சொல்லாக அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து நாடகம் அப்படித்தான் நடக்கிறது. பிணம் எழுந்து போதும் என்கிறது, வாள்கள் விழுகின்றன, இளவரசி நிலாவைப் பற்றிப் பாடுகிறாள். அச்சனும் மைதானத்தைத் தருகிறார். வெளியூரில் இருந்து வருகிறவர்கள் அதை ஆதியில் இருந்தே இருக்கிற வழக்கம் என்று நினைக்கிறார்கள். எனக்கு இப்போது ஒரு சந்தேகம் உண்டு. அந்தப் பாட்டை எழுதியவரும் என்னைப்போல் மலையைத் தாண்டி வந்து இவர்களோடு உண்டு உறங்கியவர்தானோ என்னவோ. இரண்டு மதியும் தெரிந்தேதான் அந்தச் சொல்லை அங்கே வைத்தாரோ? அப்படியானால் நான் திருத்தப் போனது அவரை. நினைத்தால் கூசுகிறது.

இதனால் வள்ளி தமிழச்சி ஆகிவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். இப்போது காலேஜில் படிக்கிறாள். நினைப்பது, சண்டை போடுவது, கனவில் உளறுவது எல்லாம் மலையாளத்தில்தான். அவள் பிள்ளைகள் என்ன பேசும் என்று எனக்குத் தெரியாது. தெருவில் என்னைப் பார்த்தால் மட்டும் இந்தப் பக்கம் வந்து, கையில் இருக்கிற பையை வாங்கிக்கொண்டு கூட நடக்கிறாள். பேசுவது பாதி இது, பாதி அது. நான் திருத்துவதை விட்டுவிட்டேன். வாரத்துக்கு ஒன்றிரண்டு தவிர.

8

இந்தக் குறிப்புகளை எழுதி முடித்து, தம்பியின் இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அங்கே இருந்தது போதாதா என்று அன்பாகத்தான் கேட்கிறான். மேலவீட்டை ஒழித்து வைத்த மனசு யாருக்கு வரும்? ஆனால் எனக்கு எழுத வரவில்லை. ஊரில் நான் யார் என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே என்னை யாரென்றே தெரியாத மனிதர்கள் சோறு ஊட்டினார்கள், நான் செய்த குழப்பத்தைப் பொறுத்துக்கொண்டார்கள், எனக்கென்று ஒரு வசனம் எழுதிச் சேர்த்தார்கள். இதை ஒரு தபால் கார்டில் எப்படி எழுதுவது?

வள்ளி கார்டை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டாள்.

"சித்தப்பாக்கு நான் எழுதட்டே? என்ன எழுதணும்?"

"மதின்னு எழுது."

"அவ்வளவேயுள்ளோ?"

"அவ்வளவுதான்."

கொஞ்சம் யோசித்தாள். "சித்தப்பா நிலான்னு நினைக்குமே, அப்பா."

நினைக்கட்டும் என்றேன். எனக்கு இந்த ஊரே போதும் என்பதை, மலர் வந்ததும் அவன் இதை வாசித்துத் தெரிந்துகொள்வான்.

தமிழ் எழுத்து அவளுக்கு இன்னும் கைவரவில்லை. 'தி' எழுத்தின் சுழியில் ஒரு முறை தடுமாறி, அடித்து, மறுபடி எழுதினாள். அனுப்புகிறவர் பெயர் எழுதுகிற இடத்தில் என் பெயரை எழுதவில்லை. பேனாவை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக, 'வள்ளி' என்று எழுதினாள்.